கணக்குப்பிள்ளை மேசையை இழைக்கலாமா?

உங்கள் தாத்தா மண்டியில் கணக்கு எழுதிய சாய்வு மேசை இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பர்மா தேக்கு, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதும் உயரம், மூடியைத் தூக்கினால் உள்ளே சிறு சிறு அறைகள். மூடியின் கீழ் விளிம்பு தேய்ந்து நிறம் வெளுத்திருக்கிறது, நடுவே மைக்கறை, வலது மூலையில் இரண்டு வளையத் தடங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, பக்கப் பலகைகளில் கை வைத்தால் பிசுபிசுக்கும் கருமை, பின்பக்க மூலை ஒன்றில் மூட்டு விட்டிருக்கிறது. எந்திரத்தில் இழைத்து மெலமைன் பூச்சு அடித்தால் புதிது போலாகிவிடும் என்று உள்ளூர் ஆசாரி சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் மகனோ, பழம்பொருளின் மேற்பூச்சில் கை வைத்தால் அதன் மதிப்பே போய்விடும், தொடாதீர்கள் என்கிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த மேசையை இழைக்கக் கூடாது. அதே சமயம், அப்படியே போட்டு வைப்பதும் சரியில்லை. மூட்டைச் சரிசெய்து, அழுக்கை எடுத்து, பழைய பூச்சு அரக்குதான் என்று உறுதியானால் அதன் மேலேயே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. இதை ஏன் சொல்கிறேன் என்பதையும், எந்த நிலையில் இதே கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் வீட்டில் இன்னொரு பழைய பொருள் இருந்து, அதற்கும் இதே பதிலைப் பொருத்திவிட்டால் தவறாகிவிடும்.

முதலில் மகன் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் பிபிசி 1979இல் தொடங்கிய 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ' என்ற நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவம் 1997இல் அங்குள்ள பொதுத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. வீட்டில் கிடந்த பொருளை மக்கள் எடுத்து வருவார்கள். வல்லுநர் அதைப் பார்த்து விலை சொல்வார். பழைய பூச்சைச் சுரண்டாமல் விட்டிருந்தால் இன்னும் பல மடங்கு விலை போயிருக்கும் என்று அவர்கள் சிலரிடம் சொன்னது பார்ப்பவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. சொல்லப்பட்ட பொருள்களுக்கு அது உண்மைதான். பாஸ்டன், நியூபோர்ட், பிலடெல்பியா போன்ற ஊர்களில் 18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டு, செய்தவர் யார் என்றுகூடத் தெரிந்த, எண்ணிக்கையில் மிகக் குறைந்த பொருள்கள் அவை. அவற்றைப் போட்டி போட்டு வாங்கும் ஒரு சிறு வட்டம் அங்கே உண்டு, அந்த வட்டம் கைபடாத மேற்பரப்புக்குத்தான் பணம் கொடுக்கிறது. ஆனால் அந்த விதி பழைய நாற்காலி, மேசை எல்லாவற்றுக்கும் பரவி, மரவேலை செய்பவர்கள் தொழிலுக்கே இடைஞ்சலாகிப் போனதால், 2002இல் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளரே ஒரு மரவேலை இதழுக்குக் கடிதம் எழுதி, யோசித்து ஒழுங்காகச் செய்த புதுப்பிப்பு பெரும்பாலான பழைய பொருள்களின் மதிப்பைக் கூட்டவே செய்யும், அருங்காட்சியகத் தரத்தில் தப்பிப் பிழைத்த அரிய பொருள்கள்தாம் விதிவிலக்கு என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. விதி பரவிய அளவுக்கு இந்த விளக்கம் பரவவில்லை.

நம் ஊர்ப் பொருள்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் மரச்சாமான்களுக்குக் 'கைபடாத முதல் பூச்சு' என்பது அனேகமாகக் கிடையாது. கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதோடு பாலிஷ்காரரையும் வரவழைத்து, ஊஞ்சல் பலகையிலிருந்து பத்தாயத்துக் கதவு வரை ஒரு கை போட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஆகவே உங்கள் மேசையின் மேல் இருப்பது ஒருவர் ஒரு நாளில் போட்ட பூச்சாக இருக்க வாய்ப்பில்லை. பல தலைமுறைப் பூச்சுகளின் அடுக்காகத்தான் இருக்கும். அந்த அடுக்கின் மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு சேர்ப்பது வரலாற்றை அழிப்பதாகாது, அந்த வரலாறு நடந்த விதமே அதுதான். அடுக்கு முழுவதையும் மரத்தோடு சேர்த்துச் சீவி எறிவது வேறு காரியம்.

மகன் விலையைப் பற்றிக் கவலைப்படுவதால் ஓர் இடைக்குறிப்பு. இந்த மேசையை அவர் அமெரிக்காவுக்கு எடுத்துப்போக எண்ணினால் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்தின்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படக்கூடும். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தாத்தா 1920களில் வாங்கியது என்றால் நீங்கள் அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். விற்கும் எண்ணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதால் விலைப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

இனி மேற்பூச்சு. ஜப்பானியப் படை 1942இல் பர்மாவைப் பிடிக்கும் வரை கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கிய தேக்கில் செய்த சாமான்களுக்கு அக்காலத்தில் பெரும்பாலும் போடப்பட்டது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. இதையே பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெயர்தான் பிரெஞ்சு. பலாசு, பூவம், இலந்தை மரக் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின், பெருமளவு நம் நாட்டிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் முறை பரவி, பிறகு அந்நியப் பெயரோடு இங்கே திரும்பி வந்தது. பாண்டவரைக் கொளுத்தக் கட்டிய மாளிகைக்கு எந்தப் பொருளைப் பூசினார்கள் என்று பாரதம் கேட்டவர்களுக்குத் தெரியும். எனவே அரக்கும் ஸ்பிரிட்டும் திறந்திருக்கும் இடத்தில் பூசை விளக்கைக்கூட ஏற்றாதீர்கள்.

அரக்கின் பெரிய குணம், அது எத்தனை ஆண்டு ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மீண்டும் இளகும் என்பது. புதிய அரக்கு பழைய அரக்கோடு உருகிக் கலந்து ஒன்றாகிவிடும். வேண்டாம் என்றால் மரத்தைச் சீவாமலே துடைத்தெடுத்துவிடலாம். அதே குணந்தான் அதன் குறையும். கொரோனா காலத்தில் கைக்கு ஊற்றிய கிருமிநாசினி சொட்டிச் சொட்டி எத்தனையோ பழைய மேசைகள் பாழாயின. சூடும் அதற்கு ஆகாது; ஏறக்குறைய 75 பாகை செல்சியஸில் அரக்கு இளகத் தொடங்கும் என்பதால் கொதிக்கும் காப்பி டம்ளரை வைத்தால் தடம் விழும்.

உங்கள் மேசையில் இருப்பது அரக்குதானா என்று நீங்களே சோதிக்கலாம். முடிவு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதுதான் முக்கியமானது, செலவும் இல்லாதது. மூடியின் உட்புறம், அல்லது பின்பலகை போல, பூச்சு இருந்தும் கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் (மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் ஆகும்) நனைத்து, பிழிந்து, நாலணா அகலத்துக்கு மென்மையாக உருட்டுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறி இடம் ஒட்டத் தொடங்கினால் அரக்கு. மிகப் பழைய அரக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆகவே உடனே இளகவில்லை என்று முடிவுகட்டாமல் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த மெலமைன், பாலியூரிதேன் (பி.யு.) வகையாக இருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று கிடைத்தால் இன்னும் எளிது: இருட்டறையில் அதைப் பிடித்தால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பூச்சு இருக்கும் இடம், தேய்ந்து போன இடம், பின்னாளில் வேறு ஏதோ பூசி ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் படம் போல் தெரிந்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் வியந்துபோவார்கள்.

அரக்கு என்றால் உங்கள் கேள்விக்கு முக்கால் விடை கிடைத்த மாதிரி. அதைக் கழற்ற வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும். பாளம் பாளமாக வெடித்திருந்தாலும், ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் இலேசாக வருடினால் வெடிப்புகள் உருகிச் சேர்ந்துகொள்ளும்.

பக்கப் பலகைகளின் பிசுபிசுப்பு தேய்மானமே அல்ல. அது பிற்பாடு சேர்ந்தது. ஆயுதபூசை தோறும் வைத்த சந்தனமும் குங்குமமும், விளக்குப் புகையும், கையெண்ணெயும், மரம் காயக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தோடு தடவிய எண்ணெயும் சேர்ந்து உறைந்த படலம். மரத்துக்கு எண்ணெய் தடவினால் உயிர் வரும் என்ற நம்பிக்கையை நான் பலமுறை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் ஊறிக் கெட்டு நாற்றமடிக்கும், தூசியைப் பிடித்து வைக்கும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம்: காலப்போக்கில் இறுகிக் கறுத்து, ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் அசையாத ஒரு தோலாகிவிடும். போதாக்குறைக்கு, அதில் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றவும் கூடும்.

இந்தப் படலத்தை எடுக்க அவசரம் கூடாது. காய்ந்த தூரிகையால் மூலை முடுக்குத் தூசியைத் தட்டிவிட்டு, முதலில் கனிம டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள்; அது எண்ணெயையும் மெழுகையும் கரைக்கும், அரக்கைத் தொடாது. பிறகும் மிச்சமிருப்பது நீரில் கரையும் அழுக்கு. பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு சாண் பரப்பாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் இந்த வேலைக்கு எச்சிலைப் பயன்படுத்துவதுண்டு. அதிலுள்ள நொதி அழுக்கைப் பிரிக்கிறது என்பது சோதித்து அறிந்த உண்மை. முழு மேசைக்கும் உங்களுக்கு வாய் வறண்டுவிடும் என்பதால் சோப்பு நீரே போதும். இந்த ஒரு வேலை முடிந்ததும் நின்று, ஒரு வாரம் மேசையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இழைத்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பலர் இந்த இடத்தில் மனம் மாறியிருக்கிறார்கள், அழுக்குக்குக் கீழே அவ்வளவு நல்ல நிறம் இருக்கும்.

மூடிக்கு வருவோம். கீழ் விளிம்பில் மரம் வெளுத்துத் தேய்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பேரேட்டை விரித்து எழுதுபவரின் மணிக்கட்டும் முன்கையும் ஆண்டுக்கணக்கில் உரசிய இடம் அது. இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வலக்கையால் எழுதியவரானால் அப்படித்தான் இருக்கும். நான் தேய்மானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். பொருள் தனக்குரிய வேலையைச் செய்ததால் வந்த தேய்மானம் ஒன்று. கவனக்குறைவால், ஈரத்தால், பூச்சியால் வந்த சேதம் மற்றொன்று. நாற்காலிக் கைப்பிடியின் வழவழப்பு, வாசற்படியின் குழி, உங்கள் மூடியின் விளிம்பு முதல் வகை. விட்டுப்போன மூட்டும் நீர் வளையங்களும் இரண்டாவது வகை. இரண்டாவதைச் சரிசெய்வதற்காக முதலாவதை அழித்துவிடக் கூடாது. உங்கள் ஆசாரியின் எந்திரம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

வளையங்களில் வெள்ளை வளையம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட் பட்டும் படாமலும் தொட்ட துணியை, இறங்கித் தொட்டு எழும் விமானம் போல ஓடவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பு வளையம் அப்படியல்ல. இரும்புச் செம்போ டப்பாவோ ஈரத்தோடு இருந்து, இரும்பு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்தது. பூச்சைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியிருக்கும். அதை எடுக்க ஆக்சாலிக் அமிலம் வேண்டும், அமிலம் மரத்தைத் தொட வேண்டுமானால் அந்த இடத்துப் பூச்சைக் கழற்ற வேண்டும், கழற்றினால் சுற்றியுள்ள நிறத்தோடு மறுபடி பொருத்த வேண்டும். அது நஞ்சும்கூட. ஒரு வளையத்துக்காக இத்தனையும் தேவையில்லை என்பது என் எண்ணம். மைக்கறைக்கும் இதே அமிலத்தைச் சிலர் சொல்வார்கள்; பழைய நீலக்கறுப்பு மையிலும் இரும்பு உண்டு என்பதால் அது வேலையும் செய்யும். ஆனால் கணக்குப்பிள்ளை மேசையில் மைக்கறையை எடுத்துவிட்டு என்ன வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

இழைப்பதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். தொழிலுக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த தேக்கு விசிப்பலகை ஒன்றை நானே எந்திரத்தில் தேய்த்தேன். ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. உள்ளேயிருந்து வந்தது வெளிறிய பச்சை மஞ்சள் கலந்த மரம். நேற்று மரக்கடையில் அறுத்த பலகைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. பழைய தேக்கின் தேன் நிறம் ஒளியும் காற்றும் பட்டுப் பட்டு மேல்தோலில் மட்டும் உண்டாவது, தாள் கனத்துக்கு எடுத்தாலே போய்விடும். அந்த நிறத்தை வரவழைக்க நான் சாயம் கலந்து கலந்து பார்த்ததெல்லாம் வீண். அதைவிட எனக்கு உறுத்தியது விளிம்புகள். உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி மழுங்கியிருந்த விளிம்பு ஒரே சீராக, கூராக நின்றது. இழைப்புளி விட்டுச்சென்ற மெல்லிய அலைகள் போய், வட்டத் தாளின் சுழிக்கீறல்கள் வந்திருந்தன. அந்தப் பலகை இன்றும் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் புதிதாகச் செய்ததா என்று கேட்கிறார்கள்.

இனி மெலமைன். அது இரண்டு பொருளைக் கலந்து அமிலத்தால் இறுக வைக்கும் பூச்சு. சூட்டுக்கும் நீருக்கும் அரக்கைவிட நன்றாகத் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாகச் செய்த சாப்பாட்டு மேசைக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் எதிலும் கரையாது. பத்து ஆண்டு கழித்து ஓர் இடத்தில் கீறலோ உரிவோ வந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாமல் முழுப் பரப்பையும் மறுபடி இழைக்க வேண்டிவரும். உங்கள் மேசையின் பலகை எத்தனை முறை இழைப்பதைத் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆசாரியைக் குறை சொல்வதற்கில்லை. வாடிக்கையாளர்கள் கேட்பதும், விரைவில் முடிவதும் அதுதான்.

அப்படியானால் எப்போது பழைய பூச்சைக் கழற்றலாம்? உங்கள் மேசையைச் சோதிக்கும்போது மேலே இருப்பது அரக்கு இல்லை, பின்னாளில் அடித்த பி.யு. உரிந்து தொங்குகிறது என்று தெரிந்தால் நானே கழற்றச் சொல்வேன். தேக்கின் மேல் எனாமல் பெயின்ட் அடித்திருந்தாலும் அப்படியே. வெயிலிலும் மழையிலும் கிடந்து பூச்சே இல்லாமல் நரைத்துப்போன பொருளுக்கும், தினமும் நான்கு பேர் சாப்பிடும், மேற்பரப்பு முற்றிலும் போய்விட்ட மேசைக்கும், ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்பட்ட சாதாரண அலமாரிக்கும் தாராளமாகப் புதுப்பூச்சு கொடுக்கலாம். மரச்சாமான் பயன்படுவதற்குத்தான், அருவருப்பாக இருக்கிறது என்று பரணில் தூக்கிப் போட்டுக் கறையானுக்குக் கொடுப்பதைவிடப் புதுப்பித்து வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். அப்போதும் கழற்றுவது வேறு, இழைப்பது வேறு என்பதை மறக்க வேண்டாம். பூச்சைக் கரைத்து எடுத்தால் மரத்தின் மேல்தோல் பெரும்பாலும் மிஞ்சும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தேக்கு கறுத்துப்போகும், பழைய பசை கரைந்து மூட்டுகள் அனைத்தும் விடும். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பொடியாக்கவும் கூடாது. பெயின்ட்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சின் பொடி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அயல்நாட்டிலிருந்து வந்த பழைய மேசை என்றால் மெல்லிய மரத்தோல் ஒட்டியதாகவும் இருக்கலாம், எந்திரம் ஒரு மூச்சில் அதைத் துளைத்துவிடும். உங்களுடையது முழுத் தேக்கு என்பதால் அந்தக் கவலை இல்லை.

வேலையைத் தொடங்கும் வரிசை இது. அழுக்கு எடுக்கும் முன்பே மேசையை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். இழுப்பறைகளை முழுவதும் வெளியே எடுத்துப் பின்னால் கைவிட்டுப் பாருங்கள். இவ்வகை மேசைகளில் பணம் வைக்க இரகசிய அறை வைப்பதுண்டு, அதன் வழியை ஆசாரியின் சுத்தியல் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது. உள்ளே ஒட்டிய காகிதம், பென்சிலால் போட்ட கணக்கு, பெயர் இருந்தால் அந்தப் பக்கம் நீரோ ஸ்பிரிட்டோ போகக் கூடாது. அடிப்பலகையைத் திருப்பி உளுத்த துளைகளைப் பாருங்கள். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, உளு அவ்வளவாகத் தொடாது, வெளிறு எனப்படும் முற்றாத வெளிமரம் உள்ள இடத்தைத்தான் தின்னும். துளைக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்துப் பத்து நாள் விடுங்கள். வெளிர் நிறப் பொடி புதிதாக விழுந்தால் மட்டுமே மருந்து வேண்டும்.

மூட்டு பூச்சுக்கு முன்னால் சரியாக வேண்டும். அக்கால ஆசாரிகள் வச்சிரம் என்ற விலங்குத் தோல் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வெதுவெதுப்பான ஈரத்துக்கு அது இளகும், மூட்டைச் சேதமின்றிப் பிரித்துச் சுரண்டி மறுபடி வச்சிரத்தாலேயே ஒட்டலாம். வெள்ளைப் பசையை ஊற்றினால் அடுத்த முறை பிரிக்கும்போது மரம் பிய்த்துக்கொண்டு வரும். ஆணி அடிப்பதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. பித்தளைக் கீலையும் பூட்டுத் தகட்டையும் துலக்க விரும்பினால் கழற்றித் துலக்குங்கள், மரத்தில் இருக்கும்போதே தேய்த்தால் துலக்கும் பொருளின் வெள்ளைப் பொடி மரத்தின் துளைகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள், அவை ஒரே நீளத்தில் இருக்காது.

பூச்சுக்கு நல்ல பாலிஷ்காரரைத் தேடும்போது அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: துணிப்பந்தால் கையால் அரக்கு போடுவீர்களா, இல்லை பீய்ச்சி அடிப்பீர்களா? கையால் என்றால், மூடியின் உட்புறத்தில் ஒரு கையகலம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில் என்ற அளவில் நீர்க்கக் கரைத்ததே உங்களுக்குப் போதும். கரைத்து ஓராண்டுக்கு மேல் புட்டியில் கிடந்த அரக்கு சரியாக இறுகாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்தித் தடம் விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பக்கப் பலகைகளுக்கு மூன்று நான்கு கை, மூடிக்கு ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். தேய்ந்த விளிம்பில் மரம் அழுக்கு உறிஞ்சாமல் இருக்கும் அளவுக்குப் பூசினால் போதும், பக்கத்து நிறத்தோடு சேர்ப்பதற்காகச் சாயம் ஏற்ற வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் தேன்மெழுகு கொஞ்சம் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மேலே கண்ணாடி போட வேண்டாம், அடியில் ஈரம் சிக்கி இன்னொரு வெள்ளை வளையம் வரும்.

ஐப்பசியில் எழுதியிருக்கிறீர்கள். அடைமழைக் காலத்தில் அரக்கு போட்டால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் புகுந்து மேசை முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும், எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் அப்படித்தான். அழுக்கெடுப்பதையும் மூட்டையும் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ்காரரைத் தை மாதத்துக்கு வரச் சொல்லுங்கள், அதற்குள் பஞ்சுக்குச்சிச் சோதனையின் முடிவையும் எனக்கு எழுதுங்கள்.